பால் மட்டும் ஊற்றிய டப்பா

அந்த ஆய்வகத்தில் மாணவர் ஆசிரியரைவிட ஐந்து வயது மூத்தவர்.

மாணவர் பெயர் தேவசகாயம். வயது நாற்பத்தேழு. மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பதினேழு வருடம் விலங்கியல் நடத்தியவர். முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு இனி இடமில்லை என்று நிர்வாகம் சொன்னதும், நான்கு வருட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். விடுப்பு வருகிற மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் திரும்பி வர வேண்டியதில்லை என்று கல்லூரியிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்திருந்தது.

ஆசிரியர் பெயர் இசக்கியம்மாள். நாற்பத்திரண்டு வயது. மாணவரை அவர் ‘சார்’ என்பார். மாணவர் அவரை ‘மேடம்’ என்பார். கோபம் வந்தால் இருவரும் அந்தச் சொற்களைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். அந்த ஜனவரி மாதம் அழுத்தம் அதிகமாகவே இருந்தது.

இசக்கியம்மாளை வெளியுலகுக்குத் தெரியவைத்தது ஒரு புரதம். எலிக்குச் சிறுநீரக நோய் வரும்போது அந்தப் புரதம் பெருகுகிறது என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று மதிப்பீட்டாளர்கள் படித்து ஒப்புக்கொண்டார்கள். அதற்கே அவருக்கு முனைவர் பட்டமும் கிடைத்தது. பல நாடுகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். புரதத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆய்வகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. அதன் எடை ஐம்பதாயிரம் டால்டன் என்பதால் ‘ஐம்பது’ என்றே கூப்பிட்டார்கள். “இன்னிக்கு ஐம்பது வந்துச்சா?” என்பது அங்கே குசலம் விசாரிப்பது போல.

தேவசகாயத்தின் ஆய்வு அதற்கு அடுத்த படி. ஐம்பதுக்கான மரபணுவையே நீக்கிய எலிகளை வரவழைத்து, அவற்றுக்கும் நோய் வருகிறதா என்று பார்ப்பது. வராது என்று எல்லோரும் நம்பினார்கள்.

நோய் வந்தது. அதையாவது எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். மரபணு நீக்கிய எலியின் சிறுநீரகத்தில் ஐம்பதும் இருந்தது.

மரபணு என்பது புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. குறிப்பு இல்லாவிட்டால் புரதம் இல்லை. பதினேழு வருடம் கரும்பலகையில் தேவசகாயம் தன் கையால் எழுதிப்போட்ட பாடம் அது.

அவர் மறுபடியும் செய்தார். மறுபடியும் ஐம்பது வந்தது.

முதல் தடவை மேடம் புரதங்களைப் பிரிக்கிற ஜெல்லைக் குறை சொன்னார். இரண்டாவது தடவை, குழாய் மாறியிருக்கும் என்றார். மூன்றாவது தடவை எதையும் குறை சொல்லவில்லை. ஐம்பது கோடாக விழுந்திருந்த படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னொரு தடவை பாருங்க சார்” என்றார். நான்காவது தடவை, தேவசகாயத்தின் கை நடுங்குகிறதோ என்று கேட்டார். ஐந்தாவது தடவை, அனிமல் ஹவுஸில் கூண்டு கலந்திருக்கும் என்றார்.

அடுத்த நாள் பிச்சைக்கனிக்கு மெமோ போனது.

பிச்சைக்கனி அந்தப் பல்கலைக்கழகத்தின் எலிகளை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொள்பவர். எந்த எலி எந்தக் கூண்டில், அதன் தாய் எது, தகப்பன் எது என்று பதிவேட்டைத் திறக்காமல் சொல்வார். மூட்டுவலிக்காரர். மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்.

“வாத்தியாரே, கலப்படம் பண்ணதுக்கு விளக்கம் கேட்டிருக்காவ. இதென்ன ரேஷன் அரிசியா, கலக்கதுக்கு?”

“நான் எழுதலை அண்ணாச்சி.”

“நீரு எழுதல. உம்ம எலிக்குத்தான எழுதியிருக்கு?”

“மேடம்கிட்ட பேசுறேன்.”

“நீரு பேசி கிழிச்சது போதும். கீழ வாரும். வால் நுனிய நறுக்கித் தாரேன். கூண்டுல இருக்க பன்னெண்டையும் சோதிச்சுப் பாரும். ஒண்ணு மாறியிருந்தாலும் சாவிய வச்சுட்டு வீட்டுக்குப் போறேன்.”

பன்னிரண்டு வால் நுனிகளையும் தேவசகாயம் சோதித்தார். பன்னிரண்டிலும் அந்த மரபணு இல்லை. எலிகள் சொன்ன எலிகள்தான். கலப்படம் இல்லை.

அந்தத் தாளை மேடத்தின் மேசையில் வைத்தார்.

மேடம் படித்தார். “சரி. அடுத்தது பாருங்க சார்.”

“அண்ணாச்சி மெமோ?”

“அடுத்தது பாருங்க சார்.”

ஆறாவதும் ஏழாவதும் அப்படியே வந்தன. நோய் வந்த எலியில் தடித்த கோடு. நோய் வராத எலியில் மெல்லிய கோடு. மரபணு இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

எட்டாவதை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கினார். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆய்வகத்தில் மேடமும் அவரும் மட்டும் இருந்தார்கள். தேவசகாயம் நேராக மேடத்தின் அறைக்குள் போனார். கதவைத் தட்டவில்லை. நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“மேடம், ஒரே ஒரு கேள்வி. மழுப்பாமப் பதில் சொல்லணும்.”

“கேளுங்க சார்.”

“ஜீன் இல்லாத எலியில புரதம் எப்படி வரும்?”

இசக்கியம்மாள் பேனாவை மூடினார்.

“ஏழு தடவை செஞ்சாச்சு. ஜெல் சரியில்லன்னீங்க. குழாய் சரியில்லன்னீங்க. என் கை சரியில்லன்னீங்க. எலி சரியில்லன்னீங்க. அந்த மனுஷன் சரியில்லன்னு மெமோ வேற. இன்னும் யாரு பாக்கி? இ.பி. ஆபீஸா?”

“மெம்பரேன் ரெடியா?”

“நான் கேட்டதுக்குப் பதில் மேடம்.”

“மெம்பரேன் ரெடியான்னு கேட்டேன்.”

“ராத்திரி முழுக்கப் பாலில் ஊறுது. எங்க போயிரப்போகுது?”

மேடம் எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். அவர் கோட்டு மாட்டி ஆய்வகத்துக்குள் வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். பேராசிரியர் ஆன பிறகு படங்களை மட்டும்தான் பார்ப்பார். கோட்டின் பையில் பழைய கையுறை ஒன்று காய்ந்து விறைத்துக் கிடந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட்டார்.

குளிர்பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அளவு வெள்ளைச் சவ்வு. அதுதான் மெம்பரேன். சிறுநீரகத்தை அரைத்து, அதில் உள்ள புரதங்களைச் சூடாக்கிப் பிரித்து, ஜெல்லில் எடைவாரியாக ஓடவிட்டு, அந்தச் சவ்வில் ஒற்றி எடுத்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புரதம் இல்லாத இடங்களை மறைப்பதற்காக, கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து அதில் ஊறவைப்பார்கள். ஆய்வகம் முழுக்கக் குழந்தை இருக்கிற வீட்டின் வாசம் அடிக்கும்.

தேவசகாயம் இந்தத் தடவை ஒரே சவ்வில் இடப்பக்கம் ஒரு தொகுதியும் வலப்பக்கம் அதே தொகுதியும் ஏற்றியிருந்தார். ஒரு தடவையில் இரண்டு தடவை. மேடம் அடுத்த காரணம் சொல்வதற்கு முன் வாயை அடைத்துவிட வேண்டும் என்று செய்த ஏற்பாடு.

“ரெண்டு பக்கமும் ஒண்ணா?” என்று மேடம் கேட்டார்.

“ஒரு சொட்டு வித்தியாசம் இல்ல.”

மேடம் கத்தரியை எடுத்து சவ்வை நடுவில் வெட்டினார். இடப்பாதியின் மூலையில் அடையாளத்துக்கு ஒரு சின்ன வெட்டு. இரண்டு டப்பாக்கள் எடுத்தார். இரண்டிலும் பாலை ஊற்றினார். முதல் ஆன்டிபாடியை உறைபெட்டியிலிருந்து எடுத்து, இடது டப்பாவில் சொட்டவிட்டார். வலது டப்பாவில் எதுவும் விடவில்லை. மூடிவிட்டார்.

“இதுக்கு ஊத்தலையே” என்றார் தேவசகாயம்.

“தெரியும்.”

“மறந்துட்டீங்களோன்னு பார்த்தேன்.”

“இன்னிக்கு மறக்கல.”

இரண்டு டப்பாக்களையும் ஆட்டுகிற கருவியில் வைத்தார். டப்பாக்கள் தொட்டில் போல முன்னும் பின்னும் சாய்ந்தன.

ஆன்டிபாடி என்பது நோயை எதிர்க்க விலங்கின் ரத்தத்தில் உருவாகும் புரதம். அந்தச் சோதனையில் இரண்டு ஆன்டிபாடிகள் உண்டு. முதலாவது ஐம்பதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒளி கிடையாது. இரண்டாவது, முதலாவதைத் தேடிப் போய் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒளி இரண்டாவதிடம்தான். முதலாவது போகாத சவ்வில் இரண்டாவதுக்குப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பால் மட்டும் ஊற்றிய சவ்வு வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

தேவசகாயத்துக்கு அது புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

“மேடம், என்னைக் கேலி பண்றீங்களா?”

“இல்ல.”

“கேள்வியைக் கேக்காம விட்டா பதில் வருதான்னு பாக்குறது. இது கன்ட்ரோல். இத நான் பி.எஸ்சி. பிள்ளைங்களுக்கு நடத்துறது.”

“நடத்துனீங்க. இங்க செஞ்சீங்களா?”

தேவசகாயம் நோட்டு இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்கிறவர் முதல் வாரம் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. மேடத்தின் பழைய நோட்டை வரிக்கு வரி தன் கையால் நகலெடுக்க வேண்டும். ஐம்பதை முதன்முதலில் கண்ட நோட்டு அது. ஜெராக்ஸ் எடுத்தால் மேடம் கிழித்துப் போடுவார். கை எழுதினால்தான் கை கற்கும் என்பது அவர் கட்சி. பதினோரு பேர் நகலெடுத்திருக்கிறார்கள். தேவசகாயம் பன்னிரண்டாவது ஆள். எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் எழுதினார். வாத்தியார் என்பதால் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் போய் அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்துவந்தார். மேசையில் டொப்பென்று போட்டார்.

“உங்க நோட்டுல இது இல்ல. அதனால செய்யல.”

“இருக்கு. பதினாலாம் பக்கம்.”

தேவசகாயம் புரட்டினார். இருந்தது. ‘முதலாவது இல்லாமல், இரண்டாவது மட்டும்.’ பக்கத்திலேயே ஒரு சொல்: ‘தேவையில்லை.’

“இது யாரு எழுத்து சார்?”

“என் எழுத்து.”

“ஏன் தேவையில்லன்னு எழுதுனீங்க?”

“நீங்க எழுதியிருந்தீங்க.”

“நான் எழுதினா?”

“நீங்க எழுதினா... நீங்க கைடு மேடம்! உங்க நோட்டைத் திருத்தவா நான் வந்தேன்? ஜெராக்ஸ் எடுத்தாலே கிழிப்பீங்க!”

“அது தேவைன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்.”

“உங்களுக்கு?”

மேடம் கருவியின் வேகத்தை ஒரு புள்ளி குறைத்தார்.

இரண்டு மணி நேரம் ஊற வேண்டும். மேடம் ஸ்டூலைவிட்டு எழவில்லை. தேவசகாயம் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மார்ச் முப்பத்தொன்றுக்கு எழுபது நாளுக்கும் குறைவு. ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயம். ஐந்தும் ஐம்பதைப் பற்றி. நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக்கூட ஒழுங்காகப் போகாமல், எலியின் வயிற்றைத் திறந்து திறந்து பார்த்தவர். மனைவி போனில் கேட்கும் ஒரே கேள்வி, “எப்ப முடியும்?” அவர் சொல்லும் ஒரே பதில், “முடிஞ்சிரும்.” வராந்தாச் சுவரில் துறையின் சாதனைகள் என்று ஒரு பலகை. அதில் முதலில் மேடத்தின் கட்டுரை, கண்ணாடிச் சட்டத்துக்குள். அதை ஓங்கி ஒரு குத்து விடலாம் போலிருந்தது. விடவில்லை. அரசாங்கக் கண்ணாடி.

திரும்பி வந்தபோது மேடம் சவ்வுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். பிறகு இரண்டாவது ஆன்டிபாடி. இரண்டு டப்பாவிலும். ஒரு மணி நேரம். மறுபடியும் கழுவல்.

மதியம் இரண்டரைக்கு இரண்டு பாதிகளையும் படமெடுக்கும் கருவிக்குள் வைத்து, ஒளிரவைக்கும் திரவத்தை ஊற்றி, கதவைச் சாத்தினார்.

“நீங்க அழுத்துங்க சார்.”

தேவசகாயம் பொத்தானை அழுத்தினார்.

திரையில் முதலில் கறுப்பு. பிறகு கோடுகள் எழுந்தன. இடப்பாதியில் நான்கு. தடித்தது, மெல்லியது, தடித்தது, மெல்லியது. அது தெரிந்ததுதான்.

வலப்பாதியில் நான்கு. தடித்தது, மெல்லியது, தடித்தது, மெல்லியது.

மூலையில் அந்தச் சின்ன வெட்டு இல்லாவிட்டால் எது எந்தப் பாதி என்று அவரால் சொல்லியிருக்க முடியாது.

“கேள்வியே கேக்கல” என்றார் தேவசகாயம்.

“ஆமா.”

“பதில் வருது.”

“ஆமா.” மேடத்தின் குரல் வகுப்பறைக் குரல் போலச் சீராக இருந்தது. “நம்ம முதல் ஆன்டிபாடி எங்க செஞ்சது?”

“எலியில.”

“ரெண்டாவது எதைத் தேடும்?”

“எலி ஆன்டிபாடி எதுவா இருந்தாலும்.”

“சிறுநீரகம் யாரோடது?”

“எலியோடது.” தேவசகாயம் வலப்பாதியின் கோட்டில் விரலை வைத்தார். “எலியோட ரத்தத்துல எலியோட சொந்த ஆன்டிபாடி இருக்கும்.”

“சூடு பண்ணி உடைச்சா பெரிய துண்டு என்ன எடை?”

“ஐம்பதாயிரம்.”

“நோய் வந்த சிறுநீரகத்துல அது போய்ப் படியும். நோய் முத்த முத்த கோடு தடிக்கும். ரெண்டாவது அதைத்தான் பன்னிரண்டு வருஷமா காட்டிக்கிட்டு இருக்கு. நம்ம ஐம்பதை இந்த லேப்ல ஒருத்தரும் பார்த்ததில்ல. நானும்தான்.”

கருவியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று தேவசகாயம் கேட்டார்.

“இப்ப.”

“மேடம்.”

இசக்கியம்மாள் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். “மூணாவது தடவை சந்தேகம் வந்துச்சு.”

“வந்து?”

“இன்னொரு தடவை பாக்கச் சொன்னேன்.”

“ஒரு தடவை இல்ல. அஞ்சு தடவை. ஏழு மாசம்.”

“ஆமா.”

“பால மட்டும் ஊத்தி ஒரு டப்பா. அரைநாள் வேலை. அதைச் செய்யல. எனக்கு ஏழு மாசம் போச்சு.”

“செஞ்சா தெரிஞ்சிரும்னு செய்யல.”

தேவசகாயம் நோட்டை எடுத்து எறிந்தார். அது கழுவுதொட்டியில் விழுந்தது. பதினேழு வருட வாத்தியார் வேலையில் அவர் ஒரு சாக்பீஸைக்கூட எறிந்தவர் இல்லை.

“அண்ணாச்சிக்கு மெமோ அஞ்சாவது தடவையில கொடுத்தீங்க! சந்தேகம் வந்தது மூணாவது தடவையில!”

“ஆமா.”

“தெரிஞ்சே கொடுத்தீங்க!”

“தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே கொடுத்தேன்.”

“வெக்கமா இல்ல?”

அந்தக் கேள்வியை ஒரு மாணவர் ஒரு ஆசிரியரிடம் கேட்கக்கூடாது. கேட்ட பிறகுதான் அது தேவசகாயத்துக்கு உறைத்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

“இருக்கு” என்றார் மேடம். “வாங்க.”

அனிமல் ஹவுஸுக்குப் போனார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, தலைக்கு உறை போட்டு, மேடம் உள்ளே நின்றார். சனிக்கிழமை என்றாலும் எலிகளுக்கு விடுமுறை இல்லை. பிச்சைக்கனியும் இரண்டு உதவியாளர்களும் கூண்டுகளுக்கு உமி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“பிச்சைக்கனி” என்றார் மேடம். “கூண்டு கலக்கல. தப்பு என்னோடது. மெமோவைத் திங்கக்கிழமை ரத்து பண்ணி எழுத்துல தர்றேன். இப்ப வாயால சொல்ல வந்தேன்.”

உதவியாளர்கள் இருவரும் உமியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிச்சைக்கனி ஒரு கூண்டின் கம்பியை இழுத்துச் சாத்தினார். “எனக்குச் சொல்லியாச்சு. சரி. அதுககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க மேடம். அதுகளையும்தான் சந்தேகப்பட்டிய.”

யாரும் சிரிக்கவில்லை. பிச்சைக்கனியும் சிரிக்கவில்லை. மேடம் கூண்டு வரிசையை ஒரு தடவை பார்த்தார். திரும்பிப் படியேறினார். தேவசகாயம் நான்கு படி பின்னால் நடந்தார்.

அறைக்கு வந்ததும் மேடம் கணினியைத் திறந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்குக் கடிதம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காரணம் இது, ஆதாரம் இந்தப் படம். தட்டச்சு செய்துவிட்டுத் திரையைத் திருப்பினார்.

“படிங்க. ஆங்கிலம் எங்கயாவது இடிக்குதா பாருங்க.”

தேவசகாயம் படித்தார். ஆங்கிலம் எங்கும் இடிக்கவில்லை. நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. இந்தத் தவறு தேவசகாயம் என்ற ஆய்வாளரின் எட்டு பரிசோதனைகளால் வெளிப்பட்டது என்று.

“இதைக் கண்டுபிடிச்சது நீங்க. இன்னிக்கு.”

“நான் செஞ்சது அரைநாள்.”

“அனுப்புனா வேலை போயிருமா?”

“வேலை போகாது. பேர் போகும்.” மேடம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “பதினோரு பேரு இந்த நோட்டை வச்சுப் பேப்பர் போட்டிருக்காங்க. அவங்களுக்கும் எழுதணும். திட்டுவாங்க.”

“நான் திட்டலையா?”

“நீங்க நேர்ல திட்டுனீங்க. அது பரவாயில்ல.”

பொத்தானை அழுத்தினார். கடிதம் போய்விட்டது. அவ்வளவுதான். மணி நான்கு ஆகியிருந்தது.

தேவசகாயம் போகவில்லை. மேசைக்கு எதிரே நின்றார். கோபம் எங்கேயும் போகவில்லை. மேடம் மன்னிப்புக் கேட்டதிலும், கடிதம் அனுப்பியதிலும் அது கூடியிருந்தது. மேடத்துக்குச் செய்ய ஒன்று கிடைத்துவிட்டது, செய்தும் முடித்துவிட்டார். இவர் கையில் என்ன இருக்கிறது?

“உங்க பாரம் இறங்கிருச்சு” என்றார். “எனக்கு? அறுபத்தெட்டு நாள் இருக்கு. அஞ்சு அத்தியாயத்துல ஒரு வரி நிக்காது. மறுபடியும் முதல்லேருந்து தொடங்க எனக்கு என்ன இருபத்திரண்டு வயசா? காலேஜ்ல என் நாற்காலிக்கு ஏற்கனவே ஒரு பையனைப் பார்த்து வச்சிருக்காங்க.”

“முதல்லேருந்து யாரு தொடங்கச் சொன்னா?”

“பின்ன எதைக் கொடுக்கிறது மேடம்? வெள்ளைத்தாளா?”

“நடந்ததை எழுதுங்க. ஜீனை எடுத்தீங்க, கோடு போகல. வால நறுக்கிப் பார்த்தீங்க, எலி சரியா இருந்துச்சு. எட்டு தடவை செஞ்சீங்க, எட்டு தடவையும் ஒண்ணு போல வந்துச்சு. முதலாவதை எடுத்துட்டுப் பார்த்தா அப்பவும் வந்துச்சு. இதைவிடச் சுத்தமான வேலை இந்த லேப்ல நடந்ததில்ல. எழுதிக் கொடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“நீங்க போடுவீங்க. வெளியேருந்து வர்ற எக்ஸாமினர்?”

“என்ன கேட்பார்?”

“என்ன கண்டுபிடிச்சன்னு கேட்பார். ஒண்ணும் இல்ல, இல்லாத ஒண்ணை இல்லன்னு கண்டுபிடிச்சேன்னு சொல்லவா?” தேவசகாயத்தின் கை மேசையில் விழுந்தது. பேனாக்கூடு குதித்தது. “தப்புன்னு காட்டுனதுக்கு எவன் மேடம் பட்டம் கொடுப்பான்?”

இசக்கியம்மாள் அடுத்த கடிதத்தைத் தொடங்கியிருந்தார். பதினோரு பேரில் முதல் ஆளுக்கு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“சரின்னு எழுதினதுக்கு எனக்குக் கொடுத்தாங்களே சார்.”